முந்திப் பேசும் கோயில்

எங்கள் ஊர் மிக்கேல் சம்மனசு கோயில் ஒரு நாள் முந்திப் பேசும். நாளைக்கு அதற்குள் யார் வாய் திறந்து என்ன சொல்லப்போகிறார்களோ, அது இன்றைக்கு அதே நேரத்தில், சொல்லப்போகிறவரின் குரலிலேயே, பீடத்துக்கு மேலேயுள்ள வளைவிலிருந்து தெளிவாகக் கேட்டுவிடும். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆளில்லாத கோயில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையைப் பாடி முடிக்கும், நாங்கள் வெளியே மணலில் உட்கார்ந்து சாமியாரின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, நன்றாக இருந்தால் மறுநாளும் போவோம், இழுவையாக இருந்தால் தலைவலி என்று படுத்துக்கொள்வோம், ஆனால் நம் இருமல் ஒன்று உள்ளே கேட்டுவிட்டதென்றால் தலைவலியோடு எழுந்து போய் அந்த இருமலை இருமிவிட்டுத்தான் வர வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை ‘சம்மதம்’ என்று சொல்வது காதில் விழுந்த பிறகுதான் பெண்வீட்டார் பந்தலுக்கு வாழை கட்டுவார்கள்.

கோயிலுக்கு முந்நூறு வயது. சுண்ணாம்பில் கருப்பட்டிப் பாகையும் கடுக்காய்த் தண்ணீரையும் ஊற்றி அரைத்துக் கட்டிய சுவர், ஒரு ஆள் குறுக்கே படுக்கும் அகலம். மெட்ராஸிலிருந்து படித்தவர்கள் கருவி கொண்டுவந்து நான்கு நாள் வைத்துப் பார்த்தார்கள், அவர்கள் கருவியில் புறாச் சத்தம்தான் ஏறியது. ஏன் இப்படி என்று நாங்கள் யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. உப்புத் தண்ணீர்க் கிணற்றோடும் செம்மண் காற்றோடும் பழகியதுபோல் இதோடும் பழகிவிட்டோம், இன்னும் சொன்னால் அதை வைத்துப் பிழைக்கவும் கற்றுக்கொண்டோம், ஏனென்றால் லீவு நாளில் கடலையும் செம்மணல் மேடாகக் கிடக்கிற தேரிக்காட்டையும் பழைய கோயிலையும் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவதை முந்தின நாளே கோயில் சொல்லிவிடும், நானும் மாடியறையைப் பெருக்கி மீன்காரனுக்குச் சொல்லி வைத்துவிடுவேன். என் வீட்டுக்காரர் சிலுவைதாசன்தான் முப்பது வருடமாகக் கோயில்பிள்ளை. கோயிலைத் திறப்பது, பூட்டுவது, மணியடிப்பது, அது என்ன சொல்கிறது என்று காது கொடுப்பது எல்லாம் அவர் வேலை.

சந்தோஷத்தை முந்திச் சொல்கிற வாய் அழுகையையும் முந்திச் சொல்லும். சூசை மிக்கேல் என்று ஒருவர் இருந்தார், அவர் தன் மகன் பேரைச் சொல்லிக் கதறுகிற சத்தம் ஒரு புதன்கிழமை கேட்டது. மனுஷன் பயந்துபோய், மகனைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே தூத்துக்குடிக்கு ஓடிவிட்டார். கோயில் சொன்னதைச் சொல்லாமல் விட்டால் ஊருக்கு ஆகாது என்று நாங்கள் பத்துப் பேர் வேன் பிடித்துப் போய், கெஞ்சி, கொஞ்சம் மிரட்டியும் அவர்களைத் திரும்பக் கூட்டிவந்தோம். மறுநாள் ஊருக்குள் நுழைகிற வளைவில் வேன் கவிழ்ந்தது. பையனைக் கோயிலுக்குள் கொண்டுவந்து கிடத்தினோம், சூசை மிக்கேல் கதறினார், ஒரு எழுத்து மாறவில்லை. கோயிலுக்குப் பயந்து ஓடினால் இதுதான் கதி என்று அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்துபோயிற்று.

அதற்குப் பிறகுதான் முன்னழுகை என்கிற வழக்கம் வந்தது. யாருடைய அழுகை கேட்டதோ அவர் மறுநாள் அதே நேரத்துக்குக் கோயிலுக்கு வர வேண்டும். யார் பேர் சொல்லி அழுதாரோ அவர் கல்லுக்குண்டு மாதிரி நல்ல உடம்போடு பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அழுகிறவர் மடியில் சின்ன வெங்காயத்தை நசுக்கி வைத்து, கேட்ட வார்த்தைகளை அப்படியே ஒப்புக்கு அழுது சொல்ல வேண்டும். சொல்லுக்கு உட்கார ஒரு இடம் வேண்டும், நாமே பாயைப் போட்டு உட்கார வைத்துவிட்டால் அது வேறு இடம் தேடிப் போகாது, இதுதான் கணக்கு. ஒரே ஒரு கண்டிப்பு, கோயில் முந்தின நாள் சொல்லாத சத்தம் எதுவும் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது, அதனால் உள்ளே எல்லாம் சைகைதான். இருபது வருடத்தில் பதினாறு முன்னழுகை நடத்தியிருக்கிறோம், பாயில் படுத்த பதினாறு பேரும் எழுந்து உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்தார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு, மறைக்கவில்லை. பாய் விரிப்பதிலிருந்து வெங்காயம் நசுக்குவது வரை நான்தான் முன்னால் நிற்பேன்.

போன மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சிலுவைதாசன் வீட்டுக்கு வந்து, “யாரோ கொங்குப் பக்கத்துப் பிள்ள வருது, கீழ கெடக்கிறவருக்கு வலிக்காதான்னு கேக்குது” என்று சிரித்தார். மறுநாள் மத்தியானம் உடுமலைப்பேட்டையிலிருந்து காரில் வந்து இறங்கினார்கள். திருமூர்த்தி என்று ஒரு தம்பி, மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை. பெஞ்சாதி சுபாஷினி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆறு வயதில் ஒரே மகள், தாரிணி, முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு எந்நேரமும் சிரித்துக்கொண்டிருக்கிற பிள்ளை. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்தவள் என்று சுபாஷினி சோறு ஊட்டிக்கொண்டே சொன்னாள். இரண்டு நாள் தங்கிப் பார்த்துவிட்டுப் போவதாகத் திட்டம்.

சாயங்காலம் நாலேகாலுக்கு நாங்கள் ஐந்து பேரும் கோயிலுக்குள் போனோம். வெளியே செம்மண் காற்று கண்ணைத் திறக்கவிடாமல் அடித்தது, உள்ளே கிணற்றுக்குள் இறங்கினாற்போல் குளிர்ச்சி. சிலுவைதாசன் சாமியார் ஏறிப் பிரசங்கம் வைக்கிற பழைய மரக்கூண்டையும் கப்பல்காரன் கொடுத்த விளக்கையும் காட்டினார். பிள்ளை சிறகு விரித்து நிற்கிற மிக்கேல் சம்மனசின் சுரூபத்துக்கு முன்னால் நின்று, ஈட்டிக்குக் கீழே கிடக்கிற பேயை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “கீழ கெடக்கறவருக்கு வலிக்காதா?” என்றாள். நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

அப்போதுதான் மேலேயிருந்து சுபாஷினியின் குரல் வந்தது, சுபாஷினியோ என் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றாள். “தாரிணி, கண்ணத் தொறடி. அம்மாவப் பாரு கண்ணு. கைய எடுங்க. ஐயோ, கைய எடுங்க.”

பிறகு ஒன்றுமில்லை. எத்தனையோ அழுகை அங்கே கேட்டிருக்கிறேன், இப்படி அடிவயிற்றிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்ததைக் கேட்டதில்லை. பிள்ளையின் பதிலுக்காக அண்ணாந்துகொண்டே நின்றோம், அந்தக் குரல் வரவில்லை. சிலுவைதாசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபது. தாரிணி மட்டும், “அம்மா, நீ எப்படிம்மா வாயத் தொறக்காம பேசின?” என்று கேட்டுச் சிரித்தாள்.

வெளியே மணலுக்குக் கூட்டிவந்து விஷயத்தைச் சொன்னோம். திருமூர்த்தி பாதி கேட்கும்போதே கார்ச் சாவியை எடுத்துவிட்டான். “நாங்க இப்பவே கெளம்பறோமுங்க. நாளைக்கு இவ இந்தக் கோயிலுக்குள்ளயே இல்லைன்னா அந்தச் சத்தம் எப்படிங்க வரும்?”

“தம்பி, அப்படித்தான் ஒருத்தர் ஓடினாரு” என்று நான் சூசை மிக்கேல் கதையைச் சொன்னேன், வேன் கவிழ்ந்த வளைவைக் கையை நீட்டிக் காட்டவும் செய்தேன். “பயப்படாதிய. பதினாறு பேருக்குச் செஞ்சிருக்கோம். பிள்ளய ஒரு நிமிஷம் பாயில படுக்க வைக்கணும், அம்புட்டுதான். ஒண்ணும் ஆவாது, நான் சொல்லுதேன்லா.”

“வேன் கவுந்தது நீங்க கூட்டிட்டு வந்ததாலதானுங்க?”

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று பட்டது. விதண்டாவாதம் பேசுகிற ஆள் என்று நினைத்து, அவனை விட்டுவிட்டு அவன் பெஞ்சாதியைப் பார்த்தேன். சுபாஷினி மகளை இடுப்போடு அணைத்துக்கொண்டிருந்தாள், அவள் நடுங்குவது பிள்ளையின் ரிப்பனில் தெரிந்தது. “ஏங்க, போற வழியில ஏதாச்சும் ஆயிருச்சுன்னா? அது என் கொரலுங்க. நான் கேட்டேனுங்க” என்றாள். அவன் கார்ச் சாவியைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஊர் முழுக்கச் செய்தி பரவி, ஆளாளுக்கு இடியாப்பமும் அவித்த பனங்கிழங்கும் கொண்டுவந்து என் வீட்டு முற்றத்தை நிறைத்தார்கள். பிள்ளைக்கு ஓலையில் காற்றாடி செய்து கொடுத்தார்கள். யாரோ ஒருவர் தன் லோடு வண்டியைத் தெருமுனையில் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினார், அது அவர்களைத் தடுப்பதற்கு அல்ல, பதற்றத்தில் ஏதாவது செய்துவிடக் கூடாதே என்கிற அக்கறையில்தான். அப்படித்தான் நான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயம் மட்டும் எங்களுக்குப் பிடிபடவில்லை. கையை எடுங்க என்றால் எந்தக் கையை, யார் கையை? மறுநாள் காலையில் பெரியவர்கள் கூடிப் பேசினோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் நாடி பார்க்கிற கையாக இருக்கும் என்றார் ஒருவர். எதுவாக இருந்தாலும் சொல்லுக்கு ஒரு இடம் வேண்டும், ஆகவே பாயில் கிடக்கிற பிள்ளைமேல் யாராவது ஒருவர் கை வைத்திருக்க வேண்டும், அம்மா சொன்னதும் எடுத்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. நான் வைக்கிறேன் என்றேன். எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். பிள்ளைக்கு என்னிடம் நல்ல ஒட்டுதல்.

மூன்றரை மணிக்கு எல்லோரும் கோயிலுக்குப் போனோம். ஊரில் ஒரு வேலையும் நடக்கவில்லை. முந்நூறு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், இடப்பக்கம் பெண்களும் வலப்பக்கம் ஆண்களுமாக, தொண்டையைச் செருமக்கூடப் பயந்து உட்கார்ந்தார்கள். தகப்பன்மார் பக்கத்தில் இருந்தால் குறுக்கே பேசிவிடுவார்கள் என்பதால் திருமூர்த்தியை வாசல் பக்கம் ஆண்களுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தோம். சுபாஷினி பாயின் தலைமாட்டில் உட்கார்ந்து, வழக்கப்படி கண்ணை மூடி, வார்த்தைகளை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். மடியில் வெங்காயம். நேரம் வந்ததும் சிலுவைதாசன் அவள் தோளைத் தொடுவார், தொட்டதும் கண்ணைத் திறந்து சொல்ல வேண்டும். தாரிணி பாயில் நீட்டிப் படுத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு சத்தம் போடாமல் இருந்தால் காற்றாடியோடு கடற்கரைக்குக் கூட்டிப்போவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். என் வலது கை அவள் நெற்றிமேல் இருந்தது. சின்ன நெற்றி, வேர்த்திருந்தது.

நாலு பதினேழு இருக்கும், பிள்ளையின் உதடு துடிக்க ஆரம்பித்தது. கண்ணை மூடச் சொன்னால் எந்தப் பிள்ளைக்குத்தான் சிரிப்பு வராது. வயிறு ஒரு தடவை எக்கியது, கன்னம் உப்பியது, பல்லில்லாத அந்த வாய் திறக்கப் போயிற்று. நேற்றுச் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லையே. என்ன நினைத்தேன், ஒன்றும் நினைக்கவில்லை, நெற்றியிலிருந்த கை இறங்கி வாயைப் பொத்திவிட்டது. சிரிப்பு என் உள்ளங்கைக்குள்ளேயே சூடாக நின்றது. பிள்ளை தலையை ஆட்டியது. ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம் வந்தாலும் இவள் போய்விடுவாள் என்கிற பயத்தில் நான் இன்னும் அழுத்தினேன். எதிரே இருந்தவள் பிள்ளை புரளாமல் காலைப் பிடித்துக்கொண்டாள், இன்னொருத்தி கையைப் பிடித்தாள். உடம்பு குலுங்கியது. சிரிக்கிறாள், சிரிக்கிறாள், கொஞ்சம் பொறு மக்கா, இன்னும் கொஞ்சந்தான் என்று மனதுக்குள் அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் கண் பிள்ளைமேல் இல்லை, சிலுவைதாசனின் கடிகாரத்தின்மேல் இருந்தது. குலுக்கம் நின்றது. நல்ல பிள்ளை, அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கருப்பட்டிப் பானை தூக்குகிற கை எனக்கு, அகலமான கை. அது மூக்கையும் சேர்த்து மூடியிருந்தது எனக்குத் தெரியாது. நான் சொல்வதை யாரும் நம்ப வேண்டியதில்லை, எனக்குத் தெரியாது.

சிலுவைதாசன் தோளைத் தொட்டார். சுபாஷினி கண்ணைத் திறந்தாள்.

“தாரிணி, கண்ணத் தொறடி. அம்மாவப் பாரு கண்ணு. கைய எடுங்க. ஐயோ, கைய எடுங்க.”

ஒரு எழுத்து மாறவில்லை. ஊரே அதைக் கேட்டுத் தலையாட்டியது, எவ்வளவு நன்றாகச் சொல்கிறாள் என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுபாஷினி என் மணிக்கட்டைப் பிடித்துப் பிய்த்தபோதுதான் நான் குனிந்து பார்த்தேன். பிள்ளையின் உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது. இமைக்கு அடியில் வெள்ளை மட்டும் தெரிந்தது.

யாரும் வாய் திறக்கவில்லை. முந்நூறு பேரில் ஒருவருக்கும் சத்தம் வரவில்லை, பழக்கம் அப்படி. திருமூர்த்தி ஆட்களை மிதித்துக்கொண்டு வந்து, பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினான். நான் பின்னாலேயே ஓடினேன், படியில் விழுந்து எழுந்து ஓடினேன். மணலில் கிடத்தி அவன் வாயோடு வாய் வைத்து ஊதினான். ஒரு தடவை, இரண்டு தடவை. ஆறாவது தடவையில் பிள்ளை இருமி, மூச்சை இழுத்து, தேரிக்காடு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாள். கோயிலுக்கு வெளியே அழுததால்தான் அந்த அழுகை முந்தின நாள் எங்களுக்குக் கேட்கவில்லை.

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையை நீட்டினேன். பிள்ளை என் கையைப் பார்த்ததும் கத்திக்கொண்டே அப்பாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சுபாஷினி என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. லோடு வண்டிக்காரர் தானாகவே போய் வண்டியை எடுத்துவிட்டார். அரை மணி நேரத்தில் அவர்கள் கார் கிளம்பிப் போய்விட்டது. வளைவைத் தாண்டி, மெயின் ரோட்டுக்கு ஏறி, பத்திரமாகப் போனது. ஒன்றும் கவிழவில்லை.

ஐந்து மணிக்குப் பாயைச் சுருட்டக் கோயிலுக்குள் போன சிலுவைதாசன் முகம் செத்துப்போய் வீட்டுக்கு வந்தார். “ஒன் சத்தம் கேட்டுச்சு, செலஸ்தீன்” என்றார். “நீ என் பேரச் சொல்லி அழுத.”

கல்யாணமான முப்பத்திரண்டு வருடத்தில் நான் அவர் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை. என்ன சொல்லி அழுதேன் என்று சொல்ல அவர் வாயெடுத்தார். “சொல்லாதிய. எனக்குத் தெரிய வேண்டாம்” என்று காதைப் பொத்திக்கொண்டேன்.

கோயில் வாசலில் நின்றவர்களும் அதைக் கேட்டிருந்தார்கள், மறுநாள் நாலு மணிக்கே ஊர் என் வாசலில் கூடிவிட்டது. நான் அவரை உள்ளே இழுத்துக் கதவைத் தாழ் போட்டேன். சந்தோஷமாகவே கூப்பிட்டார்கள், அன்பாகவே கூப்பிட்டார்கள். “மதினி, வந்து சொல்லிட்டுப் போயிருங்க. அண்ணன் பாயில ஒரு நிமிஷம் படுக்கணும், அம்புட்டுதான். பாய் விரிச்சாச்சு.” என் வார்த்தைகள், என் குரலின் இனிப்புகூட அப்படியே இருந்தது. கதவைத் தட்டினார்கள், பிறகு இடித்தார்கள். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது யாரோ கடப்பாரை கொண்டுவாங்க என்றார்கள், ஆனால் ஒருவரும் அசையவில்லை. நான் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது, இறங்கியது. இந்த மனுஷனை நானே கொன்றுகொண்டிருக்கிறேனோ என்று ஒவ்வொரு மூச்சுக்கும் நினைத்தேன், அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார், சட்டைப் பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஐந்து அடித்தது. ஐந்து ஐந்து ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று.

ஒன்றும் நடக்கவில்லை.

அவர் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது நின்றுபோகும் என்று பயந்தபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் இல்லை. சொல்லாமல் விட்டாலும் ஒன்றும் ஆகாதென்றால், சூசை மிக்கேலின் மகனை அந்த வேனில் ஏற்றியது நாங்கள்தானே. வெளியே கூட்டம் கலையவில்லை. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன், முந்நூறு பேரும் அங்கேதான் நின்றார்கள், யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு அவரவர் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒண்ணும் ஆவலியே, செலஸ்தீன்” என்றார் சிலுவைதாசன், மெதுவாக.

“இல்ல” என்றேன்.

“கதவத் தொற.”

தாழ்ப்பாள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எனக்கு என் கையைத் தூக்கப் பயமாக இருந்தது.